மாடிப்படி விளக்குக்கு யார் காசு கொடுப்பது?

2019 ஜூன் 1. ஒரு வாசகர் கேட்டது

மோல்மேனிலிருந்து ரங்கூனுக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஐந்தாம் மாடியில் வாடகை வீடு. எதிர்வீட்டுக்காரர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்கும் தெரியாது. சண்டை சச்சரவு எதுவும் இல்லை. அம்மா மட்டும் போனில் "அக்கம்பக்கத்தில் பழகு" என்று நச்சரிக்கிறார். சத்தம் போடாமல், குப்பை கொட்டாமல், கடன் கேட்காமல் இருப்பவன்தான் நல்ல அண்டைவீட்டுக்காரன் என்பது என் கருத்து. அதற்கு மேல் என்ன வேண்டிக்கிடக்கிறது?

ஜூன் 1, இரவு

தம்பி, நீங்கள் சொல்லும் மூன்று தகுதியும் செத்தவனுக்கும் உண்டு. அவனும் சத்தம் போடமாட்டான், குப்பை கொட்டமாட்டான், கடன் கேட்கமாட்டான்.

நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். பருப்புத் தரகுக் கடையில் கணக்கு எழுதுகிறேன். நகரின் நடுவே பபேடானில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், நான்காம் மாடி. பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம். ரங்கூன்காரர்களுக்கு இந்த அளவைச் சொன்னால் போதும், உள்ளே எது எங்கே இருக்கும் என்பது தானே விளங்கிவிடும். தரைத்தளமும் அதற்கு மேல் ஆறு மாடியும், தளத்துக்கு இரண்டு வீடு. எங்கள் கட்டடத்தில் தமிழ் வீடு எங்களுடையது ஒன்றுதான்.

உங்கள் பால்கனியிலும் ஒரு கயிறு தொங்குமே, கவனித்தீர்களா? கீழ்நுனியில் காகிதம் கவ்வும் கிளிப், மேலே ஒரு சின்ன மணி. பத்திரிகை போடுகிறவர் கிளிப்பில் மாட்டிவிட்டு ஒரு இழு இழுத்தால் நாலாம் மாடியில் மணி அடிக்கும். பை கட்டி இறக்கினால் காலைப் பலகாரமான மொய்ங்காவும் (மீன்குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) அதே வழியாக மேலே வரும். அந்தக் கயிறு மூன்று வீட்டு முகப்பைத் தாண்டித்தான் என் வீட்டுக்கு வந்து சேர்கிறது. ஒரு நாளும் யாரும் அதை அறுத்ததில்லை, அதில் வந்ததை எடுத்ததும் இல்லை. நீங்கள் யாரோடும் பழகவில்லை என்கிறீர்கள். உங்கள் கயிறு எட்டு மாதமாகப் பழகிக்கொண்டுதான் இருக்கிறது.

சரி, ஒரு யோசனை. எங்கள் மூன்றாம் மாடித் திருப்பத்தில் விளக்கு போய் நாலு மாதம் இருட்டாகவே கிடந்தது. அந்த வழியாகப் போகிற எல்லாரும் செல்போன் வெளிச்சத்தில் ஏறி இறங்கினார்கள். ஒருநாள் நான் 2,000 கியாட்டுக்கு ஒரு எல்இடி பல்பு வாங்கி மாட்டினேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நீங்களும் ஒரு பல்பு வாங்குங்கள்.

ஜூன் 2

மழையில் கயிறு நனையாதா என்று ஒருவர் கேட்கிறார். நனையும். அதனால்தான் பத்திரிகைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. கேள்வி அண்டைவீட்டாரைப் பற்றியது, கயிற்றைப் பற்றியதல்ல.

ஜூன் 4

பல்பு வாங்கு என்று சொல்லிவிட்டேனே தவிர, பழக்கம் பல்பில் தொடங்குவதில்லை என்று பிறகுதான் உறைத்தது.

நாம் நல்லது கெட்டது என்பதைப் பர்மியர் "தாயே நாயே" என்பார்கள். தாயே என்றால் மங்கல காரியம், நாயே என்றால் துக்க காரியம். தமிழ்க் காதில் இது எப்படி விழும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்து வந்திருந்த அத்தை வீட்டு மாப்பிள்ளை, தெருமுனை ஒலிபெருக்கியில் யாரோ "நாயே, நாயே" என்று சொல்லக் கேட்டு, "காலங்காத்தாலே யாரைத் திட்டுகிறார்கள்?" என்று பதறிப்போனார். யாரையும் திட்டவில்லை. துக்க வீட்டுக்கு உதவும் சங்கத்துக்கு நன்கொடை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

2011இல் என் அப்பா இறந்தபோது நான் யாரையும் அழைக்கவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தரைத்தளத்து ஊலேதான் (மாமா முறை, எல்லாருக்கும் அவர் ஊலே) தகவல் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொன்னார். நாற்காலிகள் எங்கிருந்தோ வந்தன. இலவச இறுதிச்சடங்குச் சேவைச் சங்கத்துக்குப் போன் செய்து வண்டி கேட்டவரும் அவர்தான். இயக்குநர் ஊ துக்காவும் நடிகர் ச்சோ தூவும் 2001இல் தொடங்கினார்களே, அந்தச் சங்கம். என்ன மதம் என்று கேட்கவில்லை, எத்தனையாவது மாடி என்றுதான் கேட்டார்கள்.

ராத்திரி கீழே, படிக்கட்டு விளக்கின் அடியில் பாயை விரித்துச் சீட்டு ஆடத் தொடங்கிவிட்டார்கள். ஒரு தட்டு நிறைய சூரியகாந்தி விதை. கடக் கடக் என்று கடித்துத் துப்பும் சத்தம் நாலாம் மாடிவரை கேட்டது. மேலே பிணத்தை வைத்துக்கொண்டு கீழே சூதாட்டமா என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இறங்கிப் போய்ச் சத்தம் போட்டேன். ஊலே நிதானமாக, "துக்க வீட்டில் விடியும்வரை ஆள் விழித்திருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்தால் எல்லாரும் தூங்கிவிடுவார்கள்" என்றார். விடிந்ததும் ஆட்டத்தில் வீட்டுக்கென்று ஒதுக்கிய பணத்தை உறையில் போட்டு என் சட்டைப்பையில் செருகினார். அதைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்து அவரை அவமானப்படுத்திவிட்டேன். அது தனிக் கதை.

தம்பி, உங்கள் வீட்டில் ஒரு கெட்டது நடந்தால் நாற்காலி யார் கொண்டுவருவார்கள்? பயமுறுத்தவில்லை, கேட்கிறேன்.

ஜூன் 5

ஒரு நண்பர் திருத்துகிறார். முதல் எழுத்து "த" அல்லவாம், நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்து ஊத வேண்டிய ஒலியாம். உண்மைதான். தமிழில் அதற்கு எழுத்து இல்லை. இனியும் தாயே என்றுதான் எழுதுவேன், பர்மா தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 17

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கட்டடத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் இறங்கிச் சுத்தம் செய்தோம். இடுப்பு ஒடிந்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நகரின் நடுப்பகுதியில் தெருக்கள் சீப்புப் பல் போல வரிசையாக இருக்கும். இரண்டு தெருக் கட்டடங்களின் முதுகுக்கு நடுவே பத்துப் பதினைந்து அடியில் ஒரு சந்து ஓடும். 1880களின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் கழிவுநீர்க் குழாய் போட்டபோது காற்றழுத்தத்தால் தள்ளும் ஷோன் முறையைக் கொண்டுவந்தார்கள். சுமார் 40,000 பேருக்கென்று திட்டமிட்டது. இன்றைய கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கு? குழாய்கள் போதாமல் பின்பக்கமெல்லாம் ஒழுகல். ஒழுகுகிற இடம்தானே என்று ஜன்னல் வழியாகக் குப்பையை வீசி, மேலே வீசுகிறவருக்குக் கீழே என்ன கிடக்கிறது என்பதே தெரியாமல் போய்விட்டது. டோ எயின் என்ற அமைப்பு அந்தந்தத் தெரு மக்களைச் சேர்த்துக்கொண்டு சில சந்துகளைத் தோட்டமாக்கி, சுவரில் படம் வரைந்து, பிள்ளைகள் விளையாடும்படி செய்திருக்கிறது. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த முதல் மாடி சூரத்திக்காரர்தான் (குஜராத்தின் சூரத் வழி வந்தவர்) எங்களை உசுப்பிவிட்டார்.

முழங்கால் வரை பூட்ஸ், மூக்கில் துணி, கையில் மண்வெட்டி. பதினான்கு வீட்டில் ஒன்பது பேர் இறங்கினோம். "ஆறாம் மாடிக்காரர்கள்தான் அதிகம் வீசுகிறவர்கள்" என்று நான் உரக்கப் பேசிக்கொண்டே அள்ளினேன். சூரத்திக்காரர் மண்வெட்டி நுனியில் எதையோ தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார். பிளாஸ்டிக் பை. கிழிந்த வாய் வழியாக நாள்காட்டித் தாள்கள் எட்டிப்பார்த்தன. தினம் ஒன்றாகக் கிழிக்கிற தமிழ் நாள்காட்டி, மச்சினர் சென்னையிலிருந்து வருடாவருடம் அனுப்புவது. ராகுகாலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. கட்டடத்தில் தமிழ் வீடு ஒன்றுதான் என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன்.

"இது என்ன மொழி?" என்று கேட்டார். முப்பது வருடமாக என் கடைப்பலகையைப் பார்க்கிற மனிதர்.

ஜூன் 18

யார் வீசியது என்று கேட்கிறார்கள். மனைவி "நான் இல்லை" என்றாள். மகன் "நான் இல்லை" என்றான். மாமியார் சந்திராஷ்டமம் பார்க்கப் போய்விட்டார். விசாரணை அத்தோடு நின்றது.

ஜூலை 2

மின்கட்டணம் ஏறிவிட்டது. நேற்று முதல் அமல். முன்பு 100 யூனிட் வரை 35 கியாட், 200 வரை 40, அதற்கு மேல் 50. இப்போது முதல் 30 யூனிட்டுக்கு மட்டும் 35. பிறகு 50, 70, 90 என்று ஏறி, 200க்கு மேல் போனால் 125. இதற்கும் அண்டைவீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பவர்கள் அடுத்த குறிப்பைப் படியுங்கள். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஜூலை 6

ஜூன் 1ஆம் தேதி நான் எழுதியதைத் திருத்துகிறேன். அழிக்கவில்லை, இருக்கட்டும்.

பல்பு வாங்கி மாட்டினேன் என்று பீற்றிக்கொண்டேனே, அது எரியும் மின்சாரம் யாருடையது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? கணக்கெழுதிப் பிழைக்கிறவன் நான்.

நேற்று மாலை ஊலே என்னைக் கூப்பிட்டு, "நீதான் கணக்குக்காரன், இதைப் பார்" என்று தன் வீட்டு மின்சீட்டுகளை நீட்டினார். படிக்கட்டு விளக்குகளும், மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் அவருடைய மீட்டரில்தான் ஓடுகின்றன. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்துப் போன பிறகு இந்தத் தெருவில் பல நாள் மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. மரமெல்லாம் சாய்ந்து வழி அடைத்துக் கிடந்தது. ஊலே ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்துக் கிணற்று மோட்டாரை ஓட்டினார். மின்சாரம் திரும்பியதும், தற்காலிகமாக இருக்கட்டும் என்று கம்பியைத் தன் மீட்டரோடு இணைத்தார். அந்தத் தற்காலிகத்துக்கு இப்போது 11 வயது.

மோட்டார் மாதம் 66 யூனிட் வாங்குகிறது, ஊலே வீட்டுச் செலவு 130 யூனிட். ஆக 196. விளக்குகளின் செலவு சொற்பம், அதை விட்டுவிட்டேன். பழைய விகிதத்தில் 7,340 கியாட். புதிய விகிதத்தில் 17,070. அதில் எங்கள் மோட்டாரின் பங்கு மட்டும் 7,720, முன்பு 2,640. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தரைத்தளத்துக்குக் குழாய்த் தண்ணீர் தானாகவே வருகிறது, அவருக்கு அந்த மோட்டாரே தேவையில்லை.

"11 வருடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"2,640க்காக யார் மாடி ஏறுவது? எனக்கு முழங்கால் வலி" என்றார்.

மூன்றாம் மாடிப் பல்பு நாலு மாதம் எரியாமல் கிடந்ததற்கும் காரணம் அந்த முழங்கால்தான். அதுவரை பல்பு மாற்றியவரும் அவரே. எட்டு வருடத்துக்கு முன் என் அப்பாவுக்காகச் சீட்டு ஆடியது எந்த விளக்கின் அடியில் என்று இப்போது புரிகிறது. என்னைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள் என்று எழுதியிருந்தேன். ஏன் சிரித்தார்கள் என்று இனி நான் விசாரிக்கப்போவதில்லை.

ஜூலை 14

படிக்கட்டிலேயே கூட்டம் போட்டோம். ஆளுக்கொரு படி. ஊலே மட்டும் நாற்காலியில்.

7,720ஐப் பன்னிரண்டு வீட்டுக்குப் பங்கிட்டால் 643 சொச்சம். பல்புச் செலவையும் சேர்த்து வீட்டுக்கு 700 என்றேன். டீக்கடைக்குப் போகும் காசு. உடனே ஆளாளுக்கு நியாயம் பேசத் தொடங்கினார்கள். எட்டுப் பேர் இருக்கும் வீடும் இரண்டு பேர் இருக்கும் வீடும் ஒரே தொகை கொடுப்பதா? முதல் மாடிக்குத் தண்ணீர் ஏறும் உயரம் குறைவு, ஆறாம் மாடிக்கு அதிகம், அப்படியானால்? இப்படி ஒன்றரை மணி நேரம். தண்ணீர் தொட்டிக்குப் போய்த்தான் எல்லாருக்கும் இறங்குகிறது, ஆகவே உயரம் எல்லாருக்கும் ஒன்றே என்று ஆறாம் மாடிச் சீனக் குடும்பத்தின் மகள், பள்ளிக்கூடத்துப் பெண், படம் போட்டுக் காட்டினாள். வாயடைத்துப்போனோம். 700 என்று முடிவாயிற்று. கணக்கு என் தலையில்.

ஆறாம் மாடிக்காரர்களைப் பற்றி ஜூன் மாதம் நான் பேசியதை இங்கே வாபஸ் வாங்குகிறேன்.

ஜூலை 15

இதையெல்லாம் வட்டார அலுவலகத்திடமோ பத்துவீட்டுத் தலைவரிடமோ விட்டுவிடலாமே என்று மாண்டலே நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். சாக்கடை அடைப்புக்கும் கொசு மருந்துக்கும் போகலாம், போகிறோம். ஆனால் என் தலைமுறைக்கு அந்த அலுவலகம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது, வீட்டில் விருந்தாளி ஓர் இரவு தங்கினாலும் ஓடிப்போய்ப் பதிந்துவிட்டு வந்த காலம். அந்த விதியை எடுத்ததே 2016இல்தான். எதிர்வீட்டில் யார் தங்கியிருக்கிறார் என்று எழுதி வைத்துக்கொள்வதும் எதிர்வீட்டுக்காரருக்கு ஜுரம் என்று தெரிந்திருப்பதும் ஒன்றல்ல. 700 கியாட் படிக்கட்டோடு இருக்கட்டும்.

ஆகஸ்ட் 11

கணக்கை இரண்டாம் மாடிச் சுவரில் ஒட்டினேன். வரவு, செலவு, கையிருப்பு. கீழே, கொடுக்காதவர்கள் பட்டியல். மூன்று வீடு. கடையில் பாக்கிக்காரர் பட்டியல் போட்டே பழகிய கை.

ஆகஸ்ட் 13

கிழித்துவிட்டேன்.

பட்டியலில் முதலில் இருந்தவர் இரண்டாம் மாடி டோடோ (அத்தை முறை). ஏப்ரலில் திஞ்ஞான் என்ற பர்மியப் புத்தாண்டுக்கு அரிசிமாவு உருண்டை செய்யும்போது, வெல்லத்துக்குப் பதிலாக ஊசிமிளகாய் வைத்த உருண்டையை எனக்கென்று பொறுக்கிக் கொடுத்து, நான் கண்ணீர் வடித்ததைப் பார்க்கத் தளம் முழுவதையும் கூப்பிட்டவர் இவர்தான். பட்டியல் ஒட்டிய மறுநாள் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். சத்தமில்லாமல் சாத்தினார், அதுதான் உறுத்தியது.

அவருடைய பேரனுக்கு டெங்கு என்று ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம், பத்து நாள். படியில் தினமும் அவரைக் கடந்துதான் நான் வேலைக்குப் போகிறேன். "700 எப்போது?" என்று இரண்டு முறை கேட்டிருக்கிறேன். "எங்கே போய்விட்டு வருகிறீர்கள்?" என்று ஒரு முறையும் கேட்கவில்லை. என் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாளாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், "நீங்கள் கணக்கில் இருந்தீர்கள்" என்கிறாள்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவு திறக்கவில்லை. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

சிலர் ஒழுங்காகக் கணக்குக் காட்டியது சரிதானே என்று எனக்குப் பரிந்து எழுதுகிறார்கள். கணக்குச் சரி. வரவு செலவை ஒட்ட வேண்டியதுதான், காசு வாங்கினால் காட்ட வேண்டும். பெயர்களை எழுதியதுதான் தப்பு. இல்லை, அதுவும்கூட அல்ல. படியில் நின்று ஒரு வார்த்தை கேட்க வேண்டியதை எழுதி ஒட்டினேன் பாருங்கள், அதுதான்.

செப்டம்பர் 8

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். பல்பு வாங்கவில்லையாம். தண்ணீர் மோட்டார் காற்று அடைத்து நின்றுவிட, வேறு வழியில்லாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி ஸ்பேனர் கடன் கேட்டாராம். எதிர்வீட்டுக்காரரே வந்து சரிசெய்துவிட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து தன் மருமகனைப் பற்றிக் குறை சொல்லிவிட்டுப் போனாராம். "கடன் கேட்காமல் இருப்பது நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன். மருமகன் கதை மிக நீளம்" என்கிறார்.

ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாரா என்று எழுதவில்லை.

அக்டோபர் 14

நேற்று தடின்ஜு பௌர்ணமி. படிதோறும் மெழுகுவத்தி. சின்னவர்கள் பெரியவர்களைக் கும்பிட்டுப் பழமும் பணியாரமும் கொடுக்கும் நாள். தரைத்தளத்தில் ஊலேக்கு வரிசை நின்றது. நாங்களும் போனோம். என் மகன் கும்பிடும்போது அவர் ஒரு 500 கியாட் தாளை அவன் கையில் வைத்து, "உன் அப்பாவிடம் காட்டாதே, கணக்கில் எழுதிவிடுவார்" என்றார்.

டோடோவும் அங்கே இருந்தார். பேரன் கூடவே, இளைத்துப்போய், பட்டாசு கேட்டு அடம் பிடித்துக்கொண்டு. என்னோடு பேசவில்லை. பேரனின் தலைக்கு மேலே எங்கோ பார்த்தார்.

அக்டோபர் 28

தீபாவளி நேற்று. மனைவி முறுக்கும் அதிரசமும் சுட்டு எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். இரண்டாம் மாடிக் கதவு தட்டியும் திறக்கவில்லை, வீட்டில் யாரும் இல்லையோ என்னவோ. அவள் என்னை மாதிரி யோசித்துக்கொண்டு நிற்கிறவள் அல்ல. ஒரு பையில் போட்டு, எங்கள் பத்திரிகைக் கயிற்றில் மாட்டி, பால்கனியிலிருந்து இரண்டு மாடி இறக்கி, டோடோவின் கம்பி அழிக்கு நேரே தொங்கவிட்டாள். நான் எட்டிப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. அரை மணி நேரம் அது காற்றில் ஆடியது. காக்கை இரண்டு முறை வந்துபோனது.

சாப்பிட உட்காரும்போது மணி அடித்தது. இழுத்தேன். முறுக்குப் பை இல்லை. கிளிப்பில் நான்காக மடித்த தாள்கள்: ஓர் ஆயிரம், இரண்டு இருநூறு. கூடவே ஒரு சின்னப் பையில் வெல்லக்கட்டி. அதை மகன் உடைத்து, உள்ளே மிளகாய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தின்றான். இல்லை.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் பாக்கி 2,100. வந்தது 1,400. நோட்டில் 700 நிலுவை என்று எழுதியிருக்கிறேன். சுவரில் ஒட்டவில்லை.